கழித்தல் எண்பது

ஜோசினி அணைக்கு அப்பால்
உண்ணி மருந்துத் தொட்டியின் ஓரத்தில்
ஒரு பசுவின் நாக்கைத் துணியால் பற்றி இழுத்து
கொப்புளம் உடைந்த தோலை
ஓர் அரிசி நீளம் கிள்ளி எடுத்தான் லுங்கெலோ.
கிளிசரின் குப்பிக்குள் அது விழுந்ததும்
மாம்யேனி கேட்டாளாம்:
"இவ்வளவு போதுமா
பதில் சொல்ல?"

குப்பியின் மேல் எண் மட்டும்தான் இருக்க வேண்டும்.
அவன் பென்சிலில் பெயரும் எழுதியிருந்தான்.
வானம்பாடி முட்டை.
வெள்ளைத் தோலில் பழுப்புப் பொட்டு சிதறிய மாட்டை
ஜூலுவில் அப்படித்தான் அழைப்பார்களாம்.

ஐஸ் பெட்டி ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து
பிரிட்டோரியாவுக்கு வடக்கே வந்தது.
அங்கே மூன்று கதவுகளுக்குப் பின்னால் நான்,
டோங்காட் முனுசாமி வீட்டுப் பூவேந்தரி.

வேலை முடிந்தால்
தலைமுழுகித்தான் வெளியே வரலாம்,
நகக்கண் தேய்த்து, மூக்குச் சிந்தி.
அதற்குப் பிறகும் ஐந்து நாள்
எந்த மாட்டின் பக்கமும் போகக் கூடாது.
பதினோரு வருடமாக மாட்டு நோயோடு குடியிருக்கிறேன்.
ஒரு மாடு என் கையில் மூச்சுவிட்டு
எத்தனை காலம் ஆயிற்றோ.

இந்த நோய்க்குத் தமிழில் கோமாரி என்று பெயர்.
அகராதியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
பெயருக்குள்ளேயே மாரி.
ஆடி ஞாயிறுகளில் எங்கள் கோயிலில் கூழ் ஊற்றி
முத்தைப் போட்டவளே இறக்கிக்கொள் என்று
அத்தைகள் கும்பிடுவார்கள்.
இறக்கியதை எங்கே வைப்பது என்று
யாரும் கேட்டதில்லை.
என்னிடம் இருக்கிறது.
மூன்றாம் தட்டில், கழித்தல் எண்பது பாகையில்.

உயிரோடு இருக்க வேண்டும் அது.
பழைய தடுப்பூசி இதற்குப் பொருந்துமா என்று
செத்த கிருமி சாட்சி சொல்லாது.
மாம்யேனியின் கன்று விழுந்து செத்தது,
இதயத்தை அறுத்தால் உள்ளே புலிக்கோடு என்று
லுங்கெலோ எழுதியிருந்தான்.
அந்தக் கோட்டைப் போட்டதற்கு
வாராவாரம் நான் தீனி வைக்கிறேன்,
புது உயிரணுக்கள், இளஞ்சூடு.

புதன் இரவு மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படி போனதுதான்.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி அடங்கியது.
டீசல் இருந்தது; பேட்டரி செத்திருந்தது.
குளியல் தண்ணீருக்கும் மின்சாரம் வேண்டும்,
ஆகவே நானும் வெளியேற முடியாது.
உறைபெட்டியைத் திறக்காமல் இருப்பதுதான் ஒரே வைத்தியம்.
கதவில் முதுகைச் சாய்த்துக் தரையில் உட்கார்ந்தேன்.
எழுபத்தெட்டு.
எழுபத்து மூன்று.

மாநாடுகளில் படம் போட்டுக் காட்டுவார்கள்:
உணவுப் பாதுகாப்பு.
பச்சைக் கோடு ஒன்று வலப்பக்கமாக ஏறும்.
நானும் கைதட்டியிருக்கிறேன்.
இருட்டில் வேறு கணக்கு வந்தது.
வாய் புண்ணானால் மாடு மேயாது.
மேயாத மடியில் பால் இல்லை.
புளித்த பால் ஊற்றாத வீட்டில்
சோளக்களி தொண்டையில் நிற்கும்.
ஜனவரியில் ஒரு காளையை விற்றுத்தான்
பள்ளிக்கூடச் சப்பாத்து, மாவு மூட்டை.
இப்போது எந்த மாடும் தொட்டியைத் தாண்டி
நடக்கக் கூடாது என்று உத்தரவு.
அந்த உத்தரவு என் கையெழுத்துக்குக் கீழே பிறந்தது.

அறுபத்தாறு.

காவலாளி டெபோகோ
தன் வேனின் பேட்டரியைக் கழற்றிச் சுமந்து வந்தான்.
உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதில்லை.
விளக்கு வந்தபோது அறுபத்தொன்று.
கண்ணாடி வழியே கட்டைவிரல் காட்டினேன்,
கன்றைக் கொன்றது பிழைத்துவிட்டதென்று.

மூன்று வாரம் கழித்து முடிவு:
பாதிப் பொருத்தம்.
புதிய தடுப்பூசிக்கு விதை கிடைத்ததென்று
மேலதிகாரி மகிழ்ந்தார். நியாயம்தான்.
லுங்கெலோவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.
இருக்கிற ஊசி பாதி காக்கலாம், புதியது வர
இரண்டு வருடம் ஆகலாம் என்று.
அவன் போனைப் பொத்தி யாரிடமோ பேசினான்.
மணி ஓசை, ஒரு செருமல்.

பிறகு சொன்னான்:
"மாம்யேனி கேட்கிறாள்.
அவளிடம் ஆறு மாடு.
எந்த மூன்று?"

வெள்ளிக்கிழமை.
தீனி கலக்கும் நாள்.
கையுறையை மாட்டிக்கொண்டேன்.